தராசின் மேல் நாற்காலி

எடைக்காரன் தன் தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தன் மனக்கணக்கைப் பற்றிப் பேசாமல் இருந்தும் யாரும் பார்த்ததில்லை.

பழைய இரும்புக் கிடங்கின் வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, பலகையும் வட்ட முகமும் முள்ளுமாக ஒரு தராசு நின்றது. தெருத்தெருவாகப் பழைய சாமான் சேர்த்து வரும் வண்டிக்காரர்களிடம் சரக்கு வாங்குவது அதில்தான். பத்துக் கிலோ வைத்தால் ஒன்பது காட்டும். முதுகுப் பக்கம் ஒரு திருகு. அதைத் திருப்பியவன் தராசு மெக்கானிக். திருப்பச் சொன்னவர் முதலாளி. எடைக்காரன் முள் காட்டுவதைச் சத்தமாகப் படிப்பவன், அவ்வளவுதான். இந்த நியாயத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் பதினோரு வருடமாகத் தூங்கினான். சில நாள் உறுத்தும். திரும்பிப் படுத்துக்கொள்வான்.

சொந்தச் சாமான் எதையாவது நிறுக்க வேண்டி வந்தால் மட்டும் முள்ளோடு நிற்க மாட்டான். காட்டுகிற ஒன்பதுக்கு ஒன்று கூட்டிக்கொள்வான். பேனா வேண்டாம், விரல் வேண்டாம். கொட்டாவி விடுகிற நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். "தராசு பொய் சொல்லும், நான் சொல்ல மாட்டேன்" என்பது அவன் அடிக்கடி சொல்கிற வாக்கியம். இன்றைக்கு அதை யாராவது நினைவுபடுத்தினால் காதைப் பொத்திக்கொள்கிறான்.

அவன் மனைவிக்கும் அதே கிடங்கில்தான் வேலை. கலந்து வரும் உலோகங்களைப் பிரிக்க வேண்டும். குழாய்த் தலையோ பழைய பூட்டோ எதுவானாலும் கல்லில் ஒரு தட்டுத் தட்டுவாள். சத்தத்தைக் கேட்டே எது எந்தக் கூடைக்கு என்று எறிந்துவிடுவாள். அதனால் பித்தளை என்று பெயராகிவிட்டது. அவள் பேசினாலும் அந்தத் தட்டு இருக்கும். வாங்கிக்கொண்டவருக்குத் தாம் எந்தக் கூடை என்று உடனே தெரிந்துவிடும்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. மூன்றாம் மாதம் சுகாதார நிலையத்தில் பெயர் எழுதியபோது நாற்பத்தைந்து கிலோ இருந்தாள். அடுத்த மாதம் போனால் அங்கே எடை பார்க்கும் கருவியில் ஸ்பிரிங் அறுந்து கிடந்தது. வேறு கேட்டு மேலிடத்துக்கு எழுதியாயிற்று என்றார் நர்சம்மா. எழுதியது மேலே போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. உங்கள் கிடங்கில்தான் தராசு இருக்கிறதே, மாதாமாதம் நிறுத்துக் கார்டில் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று அவரே யோசனையும் சொன்னார்.

எடைக்காரனுக்கு அன்றைக்கு நடை மாறிவிட்டது. அரசாங்கமே தன் கண்ணை நம்பிவிட்டது போல இருந்தது அவனுக்கு. அவளைத் தராசில் ஏற்றினான். முள் நாற்பத்து நாலில் நின்றது. வழக்கம்போலக் கூட்டினான். நாற்பத்தொன்பது.

"ஒரே மாசத்துல நாலு கிலோ" என்றான், தான் வாங்கிக் கொடுத்த முட்டைகளை மனதுக்குள் எண்ணியபடி.

"வாந்தி எடுத்தே நாலு கிலோ ஏத்துன ஆளு உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்று பித்தளை இறங்கிப் போனாள். அந்தப் பேச்சிலிருந்த தட்டு அப்போது அவன் காதில் விழவில்லை.

ஏழாம் மாதம் கார்டில் ஐம்பத்து மூன்று ஏறியிருந்தது. அந்தக் கார்டை அவன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். கேட்டவர்களுக்கும் காட்டினான், கேட்காதவர்களுக்கும் காட்டினான்.

வீட்டில் அவனுடைய அக்கா இருந்தாள். புருஷன் போன பிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவள். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பாள். சமையலும் பரிமாறலும் அவள் கையில். சின்னக் கரண்டி, பெரிய கரண்டி என்று இரண்டு வைத்திருந்தவள், நாலாம் மாதத்திலிருந்து பித்தளையின் தட்டுக்குச் சின்னதையே எடுத்தாள். பால் வேண்டாம், பிள்ளை பெருத்துவிடும். நர்சம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வேண்டாம், வயிறு கெடும். இரண்டாம் முறை சோறு வேண்டாம், பிள்ளைக்கு இடம் இருக்காது. எல்லாவற்றையும் அன்பாகவே சொன்னாள். அன்பாகச் சொன்னதால்தான் எதிர்த்துப் பேசப் பித்தளைக்கே வாய் வரவில்லை. கார்டிலும் எடை ஏறிக்கொண்டிருக்கிறதே, பிறகென்ன என்று விட்டுவிட்டாள். கிடங்கில் நாள் முழுக்க நின்றாள். வெயில் ஏறினால் கூரைக்குக் கீழே இட்லிப் பானைக்குள் நிற்பது மாதிரி இருக்கும். மத்தியானத்துக்கு மேல் பேட்டரிக் கொட்டகைக்குப் போய், உடைத்துப் போட்ட பேட்டரிகளிலிருந்து ஈயத் தகடுகளைப் பிரித்து அடுக்கினாள்.

அந்த ஏழாம் மாதத்தில் நர்சம்மா வீட்டுக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி வேறொரு பெண்ணைப் பார்க்க வந்தவர், அப்படியே இங்கேயும் எட்டிப் பார்த்தார். ஒல்லியான மனுஷி. தோள்பையின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். பித்தளையைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றின் மேல் டேப்பை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

மெஷினிலிருந்து எழுந்து வந்த அக்கா டேப்பைக் குனிந்து படித்தாள். "இருபத்து நாலு."

"ஏழு மாசத்துக்கு வயித்து உயரம் இருபத்தெட்டு சென்டிமீட்டர் இருக்கணும்" என்றார் நர்சம்மா. கார்டைப் பார்த்தார். "கார்டு நல்லாத்தான் சொல்லுது. வயிறுதான் சொல்லமாட்டேங்குது."

டேப் பழசாக இருக்கும் என்றான் எடைக்காரன். அக்கா தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நர்சம்மாவின் டேப்போடு சேர்த்துப் பிடித்தாள். கோடுக்குக் கோடு ஒத்துப்போனது. அக்காவுக்குத் தம்பியின் தராசு மேல் எப்போதுமே மரியாதை கிடையாது. டேப் வேறு விஷயம்.

நர்சம்மா பையிலிருந்து தட்டையாக ஒரு எடைப் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் சொந்தமாக வாங்கியதாம். பித்தளை ஏறி நின்றாள். நாற்பத்தேழரை.

மூலையில் பிரிக்காத அரிசி மூட்டை ஒன்று இருந்தது, மேலே இருபத்தைந்து கிலோ என்று அச்சடித்தது. எடைக்காரன் அதைத் தூக்கிவந்து அந்தப் பெட்டிமேல் வைத்தான். இருபத்தைந்து என்றது.

நர்சம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கார்டில் எழுதாத கேள்வியெல்லாம் கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறாளா, எத்தனை வேளை சோறு, என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறாள். பேட்டரி என்ற சொல் வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"ஈயம்மா அது. மூச்சுல போகும், நகத்து இடுக்குல போகும், ரத்தத்தோட சேர்ந்து பிள்ளைக்கும் போகும். இன்னையோட நிறுத்து. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன். பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தா சூடு தாங்காது, பால் இழுக்கத் தெம்பு இருக்காது, சின்னச் சளிகூடப் பெருசாயிடும். இன்னும் பதினோரு வாரம் இருக்கு. நிறைய செய்யலாம். ஆனா இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

அவர் போனதும் எடைக்காரன் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிடங்குக்கு நடந்தான். எங்கே என்று அக்கா கேட்டபோது தெருவில் இறங்கியிருந்தான். மூட்டையை வாசல் தராசில் வைத்தான். இருபத்திரண்டரைக்கு வந்து நிற்க வேண்டிய முள் இருபத்தைந்தில் போய் நின்றது. இறக்கிவிட்டு மறுபடி வைத்தான். பலகையைத் துடைத்துவிட்டு வைத்தான். முள் நகரவில்லை.

முதலாளி வயிற்றெரிச்சல் மாத்திரையை மிட்டாய் போலச் சப்பிக்கொண்டு வந்தார். எடைக்காரன் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. நாலு மாதத்துக்கு முன்னால் எடை ஆய்வாளர் வருவதாகக் காதில் விழுந்ததாம். ஒரு விடுமுறை நாளில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திருகை நேராக்கி வைத்தாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான் எடைக்காரன்.

"உன் மூஞ்சி கண்ணாடி மாதிரிப்பா. தராசு சரியான்னு ஆய்வாளர் கேட்டா, இப்ப சரியாயிடுச்சு சார்னு சொல்லித் தொலைப்பே."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. ஆய்வாளர் கடைசிவரை வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாம். திங்கட்கிழமை மெக்கானிக் வந்து பழையபடி திருகிவிடுவான், நீ கவலைப்படாதே என்று முதலாளி ஆறுதல் வேறு சொன்னார்.

சரக்கு இறக்க வந்திருந்த வண்டிக்காரர்களில் மூத்தவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நாலு மாதமாகவே தெரியுமாம். வண்டியைத் தள்ளுகிற கைக்குத் தெரியாதா? நல்லது நடக்கும்போது ஏன் என்று கேட்டுக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டாராம்.

ஊரில் எல்லோருக்கும் அந்தத் தராசு நாலு மாதம் உண்மை பேசியிருக்கிறது. அதை நம்பாத ஒரே ஆள் அதைப் படிப்பவன். மூட்டை போகும்போது கனக்கவில்லை. திரும்பும்போது மூன்று இடத்தில் இறக்கி வைத்தான்.

வீட்டில் சொன்னான். சுற்றி வளைத்துச் சொல்லத்தான் பார்த்தான். பித்தளை சுற்ற விடவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா பசிக்குது பசிக்குதுன்னு என் உடம்பு சொல்லிட்டே இருந்துச்சு. கார்டுல ஏறியிருக்கேன்னு அதை அடக்கி வச்சேன். என்னையே நான் நம்பல, உன் கணக்கை நம்பினேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை.

அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். அவளுடைய முதல் பிரசவம் மூன்று நாள் நீண்டது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பெரிய பிள்ளை என்றும் தெரியும், அழவில்லை என்றும் தெரியும். பேச்சு மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. அன்றைக்கு அவளாகவே போனாள். "சின்னதா இருந்தா சுலபமா வந்துடும்னு நினைச்சேன். உனக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு."

"தெரியும் அண்ணி. எனக்காகத்தான் பயந்தீங்க. இனிமே எனக்காகப் பரிமாறுங்க" என்றாள் பித்தளை. பிறகு, "அந்தச் சின்னக் கரண்டியை மட்டும் என் கண்ணுல காட்டாதீங்க" என்றாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை சிறிசு, நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது, ரத்தம் குறைவு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வர வேண்டும் என்றார் டாக்டர். ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கத் தனியாக ரத்தம் எடுத்தார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிரு என்றான் எடைக்காரன். அவள் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு வேறொருத்தி வருவாள், அவளும் பேட்டரிக் கொட்டகைக்குத்தான் போவாள், எனக்குத் தெரிந்த பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது என்றாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மெக்கானிக் பெட்டியோடு வந்தான். அதற்கு முன்பே பித்தளை வந்திருந்தாள். உடைசல் குவியலிலிருந்து கைப்பிடி போன இரும்பு நாற்காலி ஒன்றை இழுத்துவந்து, வாங்குகிற தராசின் பலகை நடுவில் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டாள். தரையில் இரண்டு பக்கமும் கூடைகள். மடியில் குழாய்த் தலைகள். முள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அவளையும் நாற்காலியையும் சேர்த்து ஐம்பத்து நாலில் பிடித்து நிறுத்தியது.

மெக்கானிக் சுற்றி வந்தான். திருகு பின்பக்கம்தான். ஆனால் திருப்ப வேண்டுமானால் பலகை காலியாக இருக்க வேண்டும்.

"கொஞ்சம் எந்திரிம்மா."

"முடியாதுண்ணே. என்னை உட்காரச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"நர்சம்மா."

மெக்கானிக்குக் கிடங்கு முதலாளிகளைச் சமாளித்துப் பழக்கம். நர்சம்மாக்கள் அவன் வியாபாரத்தில் வந்ததில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து டீ சொன்னான்.

முதலாளி வந்தார். வாயிலிருந்த மாத்திரையைக் கடித்தே விழுங்கினார். எடைக்காரனைப் பார்த்து, உன் பெண்டாட்டியிடம் சொல்லப்பா என்றார். எடைக்காரன் குறிப்பேட்டில் எதையோ மும்முரமாக எழுதினான். அப்போது எட்டிப் பார்த்தவர்கள் அந்தத் தாளில் ஒரு சதுரமும் நாலு வட்டமும்தான் இருந்தது என்கிறார்கள்.

"இது கிடங்கும்மா, பிரசவ ஆஸ்பத்திரி இல்ல."

"அதனாலதான் கேக்கிறேன். மூணே விஷயம். பேட்டரிக் கொட்டகைக்கு நான் போகமாட்டேன். எனக்குப் பதிலா வயித்துப் பிள்ளைக்காரி எவளையும் அனுப்பக் கூடாது, மத்தவங்களுக்குக் கையுறையும் மூக்குத் துணியும் வேணும். ரெண்டாவது, நான் உட்கார்ந்துதான் பிரிப்பேன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பிடுவேன். மூணாவது, இந்தத் தராசை யாரும் தொடக் கூடாது. வாராவாரம் இதுல ஏறி என்னை நானே பார்த்துக்கணும். இனிமே யார் கூட்டிச் சொன்னாலும் கேக்கிற மாதிரி இல்ல."

எடைக்காரன் நாலு வட்டத்தோடு ஐந்தாவதைச் சேர்த்தான்.

"வேலையே இல்லைன்னு சொன்னா?"

"சொல்லுங்க. எழுந்து போறேன். போற வழியில நாலு பேர் ஏன்னு கேப்பாங்க. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது, உங்களுக்கே தெரியும்."

அதற்குள் வாசலில் வண்டிகள் சேர்ந்துவிட்டன. மூத்த வண்டிக்காரர் முன்னால் வந்தார். பிள்ளைத்தாய்ச்சியைப் பாவம் எழுப்ப வேண்டாம் என்றார். மற்றவர்களும் அதையே உருக்கமாகச் சொன்னார்கள். தராசு நேராக நின்றால் அவர்களுக்கு என்ன லாபம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருத்தன் மட்டும், அடுத்த தெருக் கிடங்கில் சரக்கு இறக்க இடம் காலியாக இருக்கிறதாம் என்று காற்றைப் பார்த்துச் சொன்னான். கருணையும் சுயநலமும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்துப் பித்தளை இரண்டையும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மெக்கானிக் மூன்று டீ குடித்துவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை வந்து இரண்டு குடித்தான். புதன்கிழமை வரவில்லை. சரக்கு வரும்போது மட்டும் அவள் நாற்காலியோடு இறங்குவாள்; நிறுத்து முடிந்ததும் ஏறிவிடுவாள். அந்த நேரத்தில் அக்கா தராசின் முதுகுப் பக்கம் போய்ச் சாய்ந்து நின்றுகொள்வாள். தையலை விட்டுவிட்டு, டப்பாக்களோடு காலையிலேயே வந்துவிடுகிறாள் அவள். ஒன்பது மணிக்கு முட்டையும் பாலும், பதினொன்றுக்குக் கடலையும் பழமும், ஒரு மணிக்குப் பருப்பும் கீரையும் போட்ட சோறு. சாப்பாட்டுக்கு முன்னால் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவ வைப்பாள். நகத்து இடுக்கை அவளே பார்ப்பாள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் டீ கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்ததால், டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் தம்ளரோடு வந்தாலே முறைப்பாள். முதலாளியைவிட அக்காவுக்குத்தான் கிடங்கில் இப்போது பயப்பட்டார்கள்.

இரண்டாம் வாரம் முதலாளி கையுறை வாங்கிப் போட்டார். மலிவான சரக்கு, மூன்றாம் நாளே விரல் பக்கம் துணி கிழிந்தது. பித்தளை கிழிந்ததை ஒவ்வொன்றாக அவர் மேஜைமேல் அடுக்கி வைத்தாள். அடுத்து வந்தது கிழியவில்லை. தராசைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. பிரசவம் முடியட்டும் என்று யாரிடமோ சொன்னாராம்.

திங்கட்கிழமை தோறும் அவளே ஏறி, அவளே முள்ளைப் பார்த்து, அவளே கார்டில் எழுதினாள். எடைக்காரன் தள்ளி நின்று, உதடு அசையாமல் பார்த்துக்கொள்வான். நாற்பத்தெட்டரை. நாற்பத்தொன்பது. ஒரு வாரம் ஏறவே இல்லை. அன்றைக்கு அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள்தான் சோறு போட்டு எழுப்பினாள். நர்சம்மாவின் டேப் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டது. ஐம்பத்து மூன்று என்று அவன் பொய்யாக எழுதி வைத்திருந்த எண்ணை அவள் ஒன்பதாம் மாதத்தில் நிஜமாகவே தொட்டாள். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த அளவுக்குத் தேறியிருந்தான்.

தேதிக்கு ஒன்றரை வாரம் முன்னால், மழை பெய்து விட்ட ஒரு காலை, பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். வெளியே வந்தவுடனே அழுதது. கதவுக்கு இந்தப் பக்கம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அழுகையைக் கடைசிவரை கேட்டாள்.

உள்ளே விட்டபோது வார்டு நர்ஸ் குழந்தையை எடைத் தட்டில் கிடத்தியிருந்தார். சிவப்பு எண்கள் ஆடி நின்றன.

"ரெண்டு கிலோ நானூத்தி எண்பது."

எடைக்காரனும் அக்காவும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டார்கள். இருபது கிராம் குறைவு. ஒரு பூட்டுச் சாவி எடை. அக்கா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டரை என்று போட்டுவிடுங்களேன், நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று கெஞ்சினாள். அந்த நர்ஸுக்கு அன்றைக்கு அது ஆறாவது பிரசவம். இருபது கிராமுக்காகச் சண்டை போடத் தெம்பில்லை. பேனா ரெண்டுக்கு அடுத்த புள்ளியில் நின்றது.

"கூட்டாதீங்க" என்றாள் பித்தளை. படுத்த இடத்திலிருந்தேதான் சொன்னாள். குரலில் பாதிதான் மிச்சம் இருந்தது. "இருக்கிறதை எழுதுங்க. ரெண்டரைன்னு எழுதினா நல்ல பிள்ளைன்னு நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. குறைவுன்னு இருந்தாத்தானே வந்து வந்து பார்ப்பீங்க? என் பிள்ளைக்கு வேண்டியதை ஒரு பொய்யால கெடுத்துக்கமாட்டேன்."

நர்ஸ் நானூற்று எண்பது என்று எழுதினார். எடைக்காரன் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தான். ஒன்றுகூடக் கூட்டத் தோன்றவில்லை.

முதல் நாலைந்து நாள் எல்லாப் பிள்ளைக்கும் எடை கொஞ்சம் இறங்கும், பயப்படாதே என்றார் நர்ஸ்.

"இறங்கட்டும். ஏத்துற வழி எனக்குத் தெரியும்."

குழந்தையை அவள் நெஞ்சின் மேல், தோலோடு தோலாகப் படுக்கவைத்துத் துணி போர்த்தினார்கள். அது முகத்தை இப்படியும் அப்படியும் தேய்த்தது, ஒரு தடவை தவறவிட்டது, கோபப்பட்டு முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது. எடைக்காரனுக்கு மூச்சுவிடப் பயமாக இருந்தது. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வேறொரு நர்ஸ் வந்தார். எடை குறைவான பிள்ளை என்று கார்டில் இருப்பதால், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும், தூக்கிக்கொண்டு போகிறேன் என்று கையை நீட்டினார்.

பித்தளை குழந்தையின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை. "குடிச்சுட்டிருக்கா. கால்தானே வேணும், இங்கயே எடுங்க. அவ விடுற வரைக்கும் நான் தரமாட்டேன்."

நர்ஸ் எடைக்காரனைப் பார்த்தார். அவன் அடுத்த கட்டிலடியில் கிடந்த ஸ்டூலை இழுத்து அவருக்குப் போட்டான்.